கால் பிரேக்கில்தான் இருந்தது

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வீட்டில் நடப்பதை எல்லாம் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளது உள்ளபடி உனக்கு எழுதுவது என்று இன்று முடிவெடுத்திருக்கிறேன். என்னைப் பற்றி நல்லதாக வராத இடங்களையும் விடமாட்டேன். போனில் சொல்லலாமே என்பாய். நம் வீட்டில் குளியலறைக்குள் நின்று பேசினாலும் அம்மாவுக்குக் கேட்கும். உன் பேச்சு வந்தாலே அவள் கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவ ஆரம்பிக்கிறாள்.

முதலில், நீ வீட்டை விட்டுப் போன காரணம். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். ஆகவே நீ கத்தியது, அப்பா முணுமுணுத்தது, அம்மா சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து. தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் அம்மா கார் ஓட்டி வந்தாள். நீ பக்கத்தில். பின்சீட்டில் அம்மாவோடு வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸ். கார் நினைத்த இடத்தில் நிற்காமல் நழுவியது. நீ எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாய். அதோடு விட்டிருக்கலாம். "உன் கால்ல வலு போயிடுச்சும்மா. இனிமே நீ ஓட்டாதே. சாவியைக் குடு" என்றாய். அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாளாம்: "இறங்கு." இறங்கினவள் ஊரையே விட்டுப் போய் ரேஸ் கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய்.

இனி நடப்பு. அம்மா இப்போதும் அதே காரில்தான் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஊசி போட்டுக் கட்டு மாற்றிவிட்டு வருகிறாள். காலையில் போகிற வழியில் என்னைப் பள்ளியில் விடுகிறாள். இறக்கத்தின் அடியில் பிரேக் பிடிக்கும்போது கார், இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுவது போல் சத்தம் போடுகிறது. நின்றதும் கருகின வாடை. அம்மாவிடம் சொன்னேன். "வயசான வண்டி பேசத்தான் செய்யும். கண்ணாடியை ஏத்தி விடு" என்றாள்.

எனக்கு ஒரு சொந்தக் குறையும் உண்டு. நீ கடைசியாக உட்கார்ந்தபோது பின்னால் தள்ளிய முன்சீட் இன்னும் அப்படியே இருக்கிறது. என் கால் தரையில் பட்டும் படாமலும் தொங்குகிறது. முன்னால் இழுக்கப் போனால், "அதைத் தொடாதே, கம்பி சிக்கிக்கும்" என்கிறாள் அம்மா. கம்பி சிக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அவ்வளவு பின்னால் உட்கார்ந்தால் எனக்கு ரோடு பாதிதான் தெரிகிறது. அம்மாவின் கால்கள்தான் முழுசாகத் தெரிகின்றன.

உன் தங்கை


ஜூன் 14

புத்தகப்புழுவுக்கு,

வரலாறு சரிதான். 'கத்தினாய்'னு எழுதினதை மட்டும் திருத்திக்கோ. சத்தமா பேசினேன்.

நீ சொல்ற சத்தம் எனக்கு இங்கேயே கேக்குது. சக்கரத்து ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாரு. பளபளன்னு ஒரு வட்டத் தட்டு தெரியும், அதான் டிஸ்க். அதை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கறுப்புக் கட்டைதான் பிரேக் பேட். அந்தக் கட்டை தேஞ்சுபோய், பின்னால இருக்கிற தகடு தட்டுல உரசுது. அதான் சத்தம்.

கவலைப்படாதே. இங்கே பழைய கார்களை வெச்சே ஒரு ரேஸ் விடறாங்க. நம்ம கார் ரகமும் அதுல ஓடுது, அதே அளவு பேட். முதலாளி கையில கால்ல விழுந்து ஒரு செட் வாங்கியிருக்கேன். பறக்கிற வண்டியையே இழுத்து நிறுத்தற பேட். இதைவிட நல்லது கிடைக்காது. கார் வாங்கினப்போ வந்த பேட் எல்லாம் இதுக்கு முன்னாடி அழிரப்பர்.

நான் அனுப்பினேன்னு அம்மாகிட்ட சொல்லாதே. சொன்னா நேரா குப்பைக்குப் போகும். அப்பாகிட்ட குடு.

அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வலது முழங்காலைப் பிடிச்சுக்கறாளா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பழைய துண்டில் சுற்றி அனுப்பியது வந்து சேர்ந்தது. அப்பா பிரூஃப் திருத்திக்கொண்டிருந்த மேசையிலேயே பிரித்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிழை தேடுவது போல ஒவ்வொரு பேடாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது மேல, எது கீழ?" என்றார். "முன் சக்கரம் ரெண்டுக்கும்பா."

"யார் அனுப்பினது?"

"அக்கா."

அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தமாயிட்டு வருதும்மா" என்று சொல்லி, எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எதற்கெடுத்தாலும் 'சரியாப்போச்சு' என்பாரே, அந்தப் பட்டறை மாமாதான் மாட்டினார். கழற்றிய பழைய பேட் ஒன்றை என் கையில் வைத்தார். அதில் கட்டையே இல்லை, வெறும் தகடு. "இதுலயா உங்கம்மா ஓட்டிக்கிட்டிருந்தாங்க? சரியாப்போச்சு!" புதியவற்றை மாட்டி, தன் வழக்கமான வேகத்தில் ஊரைச் சுற்றிவிட்டு வந்து வாசலில் கிறீச்சென்று நிறுத்தினார். "ஆணி அடிச்சாப்ல நிக்குது பாப்பா!"

"பேட் மாத்தியாச்சு" என்று அப்பா சொன்னதற்கு அம்மா "ம்" என்றாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவள் கேட்காததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன். மீதியை எழுதாவிட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் முதல் கடிதத்தில் கொடுத்த வாக்கு இருக்கிறது.

மறுநாள் காலை. மழை விட்ட குளிர். நீ போனதிலிருந்து அம்மா அந்த இறக்கம் முழுவதையும் இரண்டாவது கியரிலேயே, பிரேக்கைத் தொடாமல், மெதுவாக இறங்குகிறாள். அன்றைக்கும் அப்படித்தான். அடியில் பேக்கரி திருப்பம் வந்ததும் பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் 'ம்' கொட்டுவது போலக் கொஞ்சம் தயங்கிவிட்டு முன்னால் போனது. பேக்கரி வாசலில் அடுக்கியிருந்த காலி ரொட்டித் தட்டுகளைச் சரித்து, சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. இடது விளக்கு உடைந்தது.

பேக்கரி அக்கா வெளியே ஓடிவந்து, எங்களை உற்றுப் பார்த்து, நாங்கள் முழுசாக இருக்கிறோம் என்று தெரிந்ததும், "ஏன் நர்ஸம்மா, ரொட்டி வேணும்னா ஹாரன் அடிச்சா போதாதா?" என்றாள். தெருவே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, அப்பாவின் பேனாக் குவளையில் கார் சாவியைப் போட்டாள். "பெரியவ சொன்னது சரிதான். என் கால் போயிடுச்சு" என்றாள். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பஸ்ஸில் போகிறாள். பஸ் போகாத தெருக்களில் இருக்கும் நோயாளிகளை அடுத்த மாதக் கடைசியில் வேறொருவருக்கு மாற்றிவிடச் சொல்லி அதிகாரியிடம் கேட்கப் போகிறாளாம். பாதிப் பேர் அந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். காருக்கு உறை போட்டாயிற்று.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சீட் பின்னால் இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மாவின் கால் பிரேக்கில்தான் இருந்தது. நழுவவில்லை, தாமதிக்கவில்லை. செருப்பு விளிம்பு மடங்கும் அளவுக்கு மிதித்தாள். பிரேக் மிதி கல் போல அப்படியே நின்றது. இதை அம்மாவிடம் சொன்னேன். "உன்னைச் சமாதானம் சொல்லச் சொன்னேனா?" என்றாள். நீ சொன்னால் நம்புவாளோ?

நீ சும்மா கேட்டதற்குப் பதில்: ஆமாம். வலது முழங்கால். இப்போது அடிக்கடி அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

உன் தங்கை


ஜூலை 1

புழு,

உன் கடிதத்தைக் காருக்கு அடியில படுத்துக்கிட்டே படிச்சேன். வேலையை அப்படியே விட்டுட்டு எழுதறேன்.

உடனே அம்மாகிட்ட சொல்லு. அவ கால்ல ஒண்ணும் இல்லை. தப்பு என் பேட்.

ரேஸ் பேட் சூடேறினாத்தான் பிடிக்கும். இங்கே பந்தயத்துக்கு முன்னாடி மிதிச்சு மிதிச்சு ஒரு சுத்து ஓட்டி அதைச் சூடேத்துவாங்க. ஆறிக் கிடந்தா அது சும்மா கட்டை. மாமா பறந்துட்டு வந்தாரு, சூடாச்சு, நின்னுது. மறுநாள் காலையில குளிர்ல ஜில்லுனு கிடந்திருக்கும். அம்மாவும் ரெண்டாவது கியர்லயே இறக்கியிருக்கா, பிரேக்கையே தொடல. அவ ஓட்டற வேகத்துல ஒரு கப் பால்கூட வெதுவெதுன்னு ஆகாது, அது எங்கே சூடாகும்?

மிதி கல்லு மாதிரி நின்னுதுன்னு எழுதினே பாரு. அது போதும் எனக்கு. கால் மிதிச்சிருக்கு. பேட்தான் கேக்கல.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தினம் கையில எடுக்கிற சாமான். இருக்கறதுலயே உசத்தியா அனுப்பணும்னு நினைச்சேனே தவிர, அம்மா எப்படி ஓட்டுவான்னு ஒரு நிமிஷம் நினைக்கல. அந்தப் பக்கத்து சீட்டுல நீ உக்காந்திருந்தே.

இன்னொண்ணு. அன்னிக்கு இறக்கத்துல வண்டி நழுவினதும் கால்னால இல்லை. மாமா உன் கையில குடுத்தாரே அந்தப் பேட், அது அப்பவே தேஞ்சிருக்கும், அதனால. அப்பவே எனக்கு வண்டி வேலை தெரியும். பேடைப் பார்த்திருக்கணும். காலைப் பார்த்தேன்.

காரை யாரும் எடுக்கக் கூடாது, மாமாவும்தான். ரோட்டுல ஓட்டறதுக்குன்னே செஞ்ச பேட் இருக்கு. வண்டியோட வந்ததைவிட ஒரு படி உசத்தி, அவ்வளவுதான். ஜில்லுனு இருந்தாலும் பிடிக்கும். அதை அனுப்பறேன். பிரேக் ஆயிலும் பழசா இருக்கும், மாத்தணும். மாட்டினதும் நேர் ரோட்டுல போய் மெதுவா மிதிக்கணும், நிக்கறதுக்கு முன்னாடி விட்டுடணும், மறுபடி மிதிக்கணும். அப்புறம் மிதிக்காம ஓட்டி ஆறவிடணும். சூட்டோட நின்னுக்கிட்டு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. பேடும் தட்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும்.

நான் சொன்னேன்னு சொல்லு. வேண்டாம். இல்லை, சொல்லு. இந்தக் கடிதத்தையே படிச்சுக் காட்டு.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். அம்மா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உன் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். சூடான பெட்டியை விட்டுவிட்டு அவளால் போக முடியாது என்பதால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பால் பற்றி நீ எழுதிய இடத்தில், "நான் என்ன அவ்வளவு மெதுவாவா ஓட்டறேன்?" என்று கோபப்பட்டாள். 'பேட்தான் கேக்கல' வந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மேல இருந்து படி" என்றாள். படித்தேன். "கால் மிதிச்சிருக்குன்னு போட்டிருக்காளா? காட்டு." காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். "அப்போ நான் மிதிச்சிருக்கேன்" என்றாள், யாரிடமோ முகவரி விசாரித்து உறுதி செய்துகொள்வது போல.

அழுதாளா என்று கேட்பாய். இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் முகத்தில் பட்டுக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் கோபம் வந்தது. "சின்னவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் போனேன்! பெத்தவளை வெச்சு ரேஸ் பார்த்திருக்கா!" என்று சத்தம் போட்டாள். அப்பா மேசையிலிருந்து, "தெரியாம..." என்று ஆரம்பித்தார். "உங்களுக்குத்தான் காது மந்தமாச்சே, நீங்க பேசாதீங்க" என்றாள். எனவே அம்மாவுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

கடைசியாக அம்மா ஒன்று சொன்னாள். அப்பா, "ஒரு கால்புள்ளிகூட மாத்தாம எழுதும்மா" என்றிருக்கிறார். அம்மா சொன்னது: "பார்சல்ல வர்ற எதையும் இனிமே என் வண்டியில மாட்ட மாட்டேன். மாட்டணும்னா அவளே வந்து மாட்டட்டும். மாட்டினதும் ஓட்டப்போறது நான். அவ பக்கத்துல உக்காரணும். கையை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காரணும்."

காரில் இன்னும் உறை இருக்கிறது. மாதக் கடைசி வந்துகொண்டிருக்கிறது.

உன் தங்கை


ஜூலை 9

புழு,

அம்மா என்னைக் கூப்பிடறாளா, சவால் விடறாளா? நீதான் ரெண்டையும் பக்கத்துல இருந்து பாக்கறே, நீ சொல்லு.

லீவு கேக்கலாம். முதலாளி மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாரு, தருவாரு. அது இல்லை விஷயம். வந்து உக்காந்தப்புறம் அவ மறுபடி "இறங்கு"ன்னுட்டா? அன்னிக்கு அந்த இறக்கத்துல நடந்து வந்தேன். காரை உருட்டிக்கிட்டே அவ பின்னால வருவான்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே.

பேட் வாங்கி மேசை மேல வெச்சிருக்கேன்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

கூப்பிடுகிறாளா, சவாலா என்று கண்டுபிடிக்க முயன்றேன். அம்மாவுக்கு இரண்டும் ஒரே குரலாக இருப்பதால் முடியவில்லை. அதனால், நேற்று நடந்ததை எழுதுகிறேன். நீயே முடிவு செய்துகொள்.

உறையைத் தூக்கிக் காருக்குள் போனேன். முன்சீட்டின் கம்பியைத் தூக்கி, சீட்டை என் அளவுக்கு முன்னால் இழுத்து வைத்தேன். கொஞ்சமும் சிக்கவில்லை. நான் வெளியே வரும்போது அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை மறுபடி போய்ப் பார்த்தேன். சீட் பின்னால் போயிருந்தது. கீழே சீட் நகரும் தண்டவாளத்தில், அது இத்தனை நாள் நின்ற இடத்தில் புழுதி ஒரு கோடு போட்டிருக்கிறது. சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது.

அப்பா காரில் உட்காருவதே பின்சீட்டில்தான். என் காலுக்கு அது எட்டாது. இந்த வீட்டில் அவ்வளவு நீளக் கால் வேறு யாருக்கும் இல்லை.

உன் தங்கை


ஜூலை 19, மொட்டை மாடி, சாயங்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதே ஊரில் இருக்கும்போது உனக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் இன்று நடந்ததில் பாதியை நீ காருக்கு அடியிலிருந்து பார்த்திருக்க முடியாது. மீதியைக் காருக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்க முடியாது. நாளை நீ கிளம்பும்போது இதை உன் பையில் வைத்துவிடுவேன்.

நீ காலையில் வந்து, பையைக்கூட உள்ளே வைக்காமல் உறையை உருவிச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தாய் அல்லவா? அம்மா அதற்குள் இரண்டு தடவை வாசலுக்கு வந்துவிட்டுத் திரும்பினாள். பிறகு டீ கொண்டுவந்து உன் தலைமாட்டில் வைத்து, "சர்க்கரை போட்டிருக்கு" என்று சக்கரத்திடம் சொன்னாள். நீயும் சக்கரத்திடம் "ம்" என்றாய்.

உடைந்த இடது விளக்கை மாற்றி, பேட் மாட்டுகிற வரைக்கும் உனக்கு யாரும் தேவைப்படவில்லை. பிரேக் ஆயில் மாற்றும்போதுதான் சிக்கல் வந்தது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விட வேண்டும் என்றாய். என்னைக் கூப்பிடுவாய் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி" என்றாய். மிதித்தாள். "பிடி." பிடித்தாள். "விடு." இத்தனை மாதம் பேசாமலிருந்த நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மிதி, பிடி, விடு. ஒவ்வொரு சக்கரமாக.

மூன்றாவது சக்கரத்தில் நீ அலறினாய். "ஐயோ, இவ்வளவு வலுவா மிதிக்காதேம்மா! மூஞ்சியெல்லாம் ஆயில்!"

அம்மா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "யாரோ வலு போயிடுச்சுன்னாங்களே" என்றாள்.

கார் லேசாகக் குலுங்கியது. நீ சிரிக்கிறாய் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தாய். ஆனால் கண்ணிலிருந்து நீ துடைத்தது ஆயில் மட்டும் அல்ல. நீ, "தப்புதாம்மா" என்றாய். அம்மா, "மூஞ்சியைக் கழுவு. கண்ணு எரியப்போகுது" என்று தன் முந்தானையை நீட்டினாள். அந்தக் கறை போகாது. அம்மா அந்தப் புடவையைத் தனியாக மடித்து வைத்திருப்பதைப் பார்த்தேன்.

கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றேன். "புதுசு பழகற வரைக்கும் நீ வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னீர்கள். அதனால்தான் மாடியில் இருக்கிறேன். நீ ஏறியதும் சீட்டைச் சரிசெய்யக் கையைக் கீழே விட்டாய். பிறகு எடுத்துவிட்டாய். சரிசெய்ய ஒன்றும் இருக்கவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள், வாயை இறுக்கிக்கொண்டு. கிளம்புவதற்கு முன் தன் ஊசி மருந்துப் பையைப் பின்சீட்டில் வைத்தாள். "இப்ப எதுக்கு அது?" என்று அப்பா கேட்டார். "திங்கட்கிழமைக்கு" என்றாள்.

இங்கிருந்து ஏரிக்கரை ரோடு முழுதும் தெரிகிறது. காரின் பின்னால் சிவப்பு விளக்குகள் எரிந்தன, அணைந்தன. கொஞ்ச தூரம் போய் மறுபடி எரிந்தன, அணைந்தன. ஒரு தடவைகூட முழுசாக நிற்கவில்லை. அப்புறம் நீண்ட நேரம் சிவப்பே தெரியாமல் கார் கரையைச் சுற்றி வந்தது. ஆறவிடுகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்புவீர்கள் என்று பார்த்தால், தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிவிட்டீர்கள். அது யார் யோசனை என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. நான் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பாவும் மேலே வந்து என் பக்கத்தில் நின்றார். கார் இறக்கத்தில் இறங்கியது. சத்தம் இல்லை. பேக்கரி திருப்பத்துக்கு முன்னால் சிவப்பு எரிந்தது. கார் நின்றது. நிற்க வேண்டிய இடத்தில், அலட்டிக்கொள்ளாமல் நின்றது.

பிறகு ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டு தடவை. பேக்கரி அக்கா கையில் பொட்டலத்தோடு வெளியே வந்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இப்போது கார் நம் வாசலில் நிற்கிறது. இஞ்சின் நின்றுவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை. பின்னால் பிரேக் விளக்கின் அழுத்தமான சிவப்பு இல்லை. அம்மா காலை எடுத்துவிட்டாள். முன்னால் மட்டும் இரண்டு விளக்கும் கதவின்மேல் விழுகின்றன, புதிதாகப் போட்ட இடதுபக்கம் வெள்ளையாக, வலதுபக்கம் பழைய மஞ்சளாக. அம்மா ஏதோ சொல்கிறாள். நீ தலையாட்டுகிறாய். உன் கைகள் இன்னும் தொடைக்கடியில்தான் இருக்கின்றனவா என்று இங்கிருந்து தெரியவில்லை. என்ன பேசுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். இதை என்னால் எழுத முடியாது.

"எட்டிப் பார்க்காதே, கீழே வா, ரொட்டி சூடா இருக்கும்" என்கிறார் அப்பா.

இதோ, கார் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.